தொங்கவிட்டு இறுக்கிய பன்னிரண்டு போல்ட்டுகள்

கார் அந்தரத்தில் தொங்கும்போது ஆர்ம் போல்ட்டுகளைக் கடைசி இறுக்கு இறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் ஊன்றி, காரின் முழு எடையும் அதன்மேல் உட்கார்ந்த பிறகுதான் இறுக்க வேண்டும். நான் படிவம் இரண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அங்கே படித்ததில் பாதி மறந்துபோனது. இது மறக்கவில்லை. கிட்டத்தட்ட முப்பது வருடமாகத் தெரியும். அந்த வெள்ளிக்கிழமை காலையிலும் தெரியும்.

ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன், பிறகு நடந்தது புரிய வேண்டுமே. ஆர்ம் என்பது சக்கரத்தைக் காரின் உடம்போடு பிடித்து வைத்திருக்கும் இரும்புக் கை. அந்தக் கை உடம்போடு சேரும் இடத்தில் ஒரு ரப்பர் உருளை இருக்கும், புஷ் என்போம். எந்த நிலையில் போல்ட்டை இறுக்குகிறோமோ அந்த நிலைதான் ரப்பருக்கு ஓய்வு. தொங்கும்போது இறுக்கிவிட்டுக் காரைத் தரையில் விட்டால், ரப்பர் பிழிந்த துணி மாதிரி முறுக்கிக்கொண்டு நிற்கும். காரை முழுசாக இறங்க விடாது. சக்கரம் ஒரு சின்னக் கல்லில் ஏறினாலும், ஸ்ப்ரிங் வாங்கிக்கொள்ள வேண்டிய அடியை நேராக உள்ளே உட்கார்ந்திருப்பவர் முதுகுக்கு அனுப்பும். எவ்வளவு பெரிய காராக இருந்தாலும் இதுதான்.

என் கடை ஜொகூர் மாநிலத்துக் கூலாயில், பழைய சாலையை ஒட்டிய கடை வரிசையில் இருக்கிறது. ஒரு பக்கம் டயர் கடை, மறு பக்கம் மீன்தொட்டி விற்கும் கடை. என்னிடம் வருகிறவர்கள் அநேகமாகச் சிங்கப்பூரில் வேலை பார்க்கிற இளவட்டங்கள். கார் தரையை நக்க வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் கேட்பது. ஸ்ப்ரிங்கில் இரண்டு சுற்றைக் கிரைண்டரில் வெட்டிப் போட்டால் கார் இறங்கிவிடும், ஓட்டுகிறவன் இடுப்பும் சேர்ந்து இறங்கும். அந்த மாதிரி வேலையை நானும் ஒரு காலத்தில் செய்திருக்கிறேன். பிறகு விட்டுவிட்டேன். நல்ல மனதினால் அல்ல. ராத்திரி படுத்தால், நான் வெட்டிய ஸ்ப்ரிங் எங்காவது வளைவில் நழுவி விழுந்ததோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

நான் அப்படிப்பட்ட ஆள். கடையைப் பூட்டிவிட்டுப் பாதி வழியில் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். முடித்த காரின் சக்கர நட்டுகளை மூன்று தடவை தொட்டுப் பார்த்தால்தான் சாவியைக் கொடுப்பேன். என் மனைவி ஒருநாள் கடைக்குச் சாப்பாடு கொண்டுவந்தபோது இதைப் பார்த்துவிட்டு, "நட்ட பாக்குறீங்களா, நவகிரகம் சுத்துறீங்களா?" என்றாள். அவளுக்குச் சிரிப்பு.

அந்தப் பெரியவர் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார். அறுபதைத் தாண்டியவர். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், லாபிஸ் பக்கம் கொஞ்சம் செம்பனைத் தோட்டம் வைத்திருந்தார். ஓட்டி வந்தது கறுப்பு நிறத்தில் ஒரு பெரிய ஜெர்மன் கார், பத்து வயது இருக்கும். ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோன மகன் விட்டுப்போனதாம். இறங்கியதும் என்னிடம் ஒன்றும் பேசாமல் பின்பக்க டிக்கியைத் திறந்து, மடக்கு சக்கர நாற்காலி ஒன்றை வெளியே எடுத்தார். அடுத்து ஒரு பலகை. பழைய அலமாரிக் கதவை அறுத்துத் தேய்த்தது என்று பார்த்தாலே தெரிந்தது.

"தம்பி, இந்தக் காடிய எறக்கணும்."

"எவ்ளோ அண்ணே?"

"மூணு விரலு."

பேரனுக்கு ஆசையாக இருக்கும் என்று நினைத்து, "யாருக்குண்ணே, சின்னவருக்கா?" என்று கேட்டேன்.

"எங்க வீட்டுக்காரிக்கு."

நாற்காலியை விரித்துப் பின்கதவுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். பலகையின் ஒரு முனையை நாற்காலியில் வைத்தார், மறு முனையைக் கார் இருக்கையில் வைத்தார். பலகை கார் பக்கம் மேடேறி நின்றது.

அவர் மனைவிக்கு முதுகெலும்பில் கட்டி. இரண்டு காலும் பலமிழந்துபோயின. நாற்காலியிலிருந்து காருக்குப் பலகை மேல் சறுக்கித்தான் ஏற்ற வேண்டும். பலகையில் முகப்பவுடர் கொட்டித் தேய்த்துக்கொள்வாராம், வழுக்குவதற்கு.

"வழுக்குறது வழுக்குது. ஆனா மேட்டுலல்ல தள்ளுறேன்? பாதியில நின்னுருது. அவளுக்கு உயிர் போவுது, எனக்குக் கை நடுங்குது."

"பக்கத்துல யாரையாச்சும் கூப்புட்டா தூக்கி வச்சிருவாங்களேண்ணே."

"ஒத்துக்கிட்டாத்தானே. 'நான் என்ன அடுப்புக்கு மாட்டுற கேஸ் தோங்கா, ஆளுக்கு ஒரு பக்கம் புடிச்சி ஏத்துறதுக்கு?'ன்னு கேக்குறா. என்னைத் தவிர யாரும் தொடக்கூடாதாம்." கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். பிறகு குரல் இறங்கியது. "ஆனா ஒண்ணு. எறக்குனா காடி தூக்கிப் போடும்னு சொல்றாங்க. அவளுக்கு ஒரு குலுக்கல் ஆகாது தம்பி. எறங்கவும் வேணும், மெத்துனும் இருக்கணும். முடியுமா? முடியலேன்னா இப்பவே சொல்லிரு லா, நான் கோவிச்சிக்க மாட்டேன்."

முடியும் என்றேன். பொய் இல்லை, முடியும். வெட்டாத, அளவாகக் குட்டையான ஸ்ப்ரிங் வேண்டும். முதல் அழுத்தத்துக்கு இளகி, போகப்போகக் கெட்டியாகிற வகை. அதற்கு ஏற்ற, ஆட்டத்தை அடக்கும் அப்சோபர் வேண்டும், பழையதைப் போட்டால் குதிக்கும். உள்ளே இருக்கிற தடுப்பு ரப்பரைச் சீவிவிட வேண்டும், இல்லையென்றால் பள்ளத்தில் இறங்கும்போது இடிக்கும். ரிம்மை மாற்றக் கூடாது, டயரின் பக்கச்சுவர் பருமனாகவே இருக்கட்டும். கடைசியாக, போல்ட்டுகளைத் தரையில் வைத்து இறுக்க வேண்டும். இவ்வளவையும் அவரிடம் விரல் விட்டுச் சொன்னேன். அந்தக் கடைசி விரலையும் சேர்த்துத்தான்.

மறுநாளே காரை விடுகிறேன் என்றார். ஜொகூர் பாருவில், ஜேபி என்போமே, அங்கே ஒரு மருத்துவமனையில் அவர் மனைவிக்குக் கதிர் சிகிச்சை, வாரத்தில் ஐந்து நாள், மொத்தம் இருபத்தைந்து தடவை. தினமும் லாபிஸிலிருந்து போய்த் திரும்ப வேண்டும். முதல் நாள் வெள்ளிக்கிழமை மத்தியானம். அதுவரை அந்த அம்மாள் கூலாயில் தன் தங்கை வீட்டில் இருப்பதாக ஏற்பாடு.

புதன் கார் வந்தது. வியாழன் முன்பக்கம் பூட்டினேன். பின்பக்க ஸ்ப்ரிங் என்று வந்த பெட்டியைத் திறந்தால் வேறு காருடையது. திருப்பி அனுப்பி, சரியானது கைக்கு வரும்போது வெள்ளிக்கிழமை காலை எட்டரை. அவசர அவசரமாகப் பூட்டினேன். கார், வண்டியைத் தூக்கி நிறுத்தும் ஹொய்ஸ்ட்டில், தலைக்கு மேலே நின்றது. ஒன்பதே முக்காலுக்கு அவர் வந்துவிட்டார். கையில் சிவப்புப் பிளாஸ்டிக் பையில் நான்கு எலுமிச்சம்பழம்.

"பத்தரைக்கு ராகு காலம் தம்பி. அதுக்கு முன்னாடி கோயில் வாசல்ல நாலு சக்கரத்துக்கும் வச்சி ஏத்திரணும். அப்புறமா அவளைக் கூட்டிக்கிட்டு நேரா ஜேபி. ஐயரு காத்துக்கிட்டு இருக்காரு."

நான் மேலே பார்த்தேன். பன்னிரண்டு போல்ட்டும் கையால் திருகிய நிலையில் இருந்தன. முறைப்படி செய்தால் காரை இறக்கி, முன்னும் பின்னும் உருட்டி, நான்கு சக்கரத்துக்கும் அடியில் மரக்கட்டை கொடுத்து, படுத்தபடி உள்ளே போய் ஒவ்வொன்றாக இறுக்க வேண்டும். இருபத்தைந்து நிமிடம். அதிகம் போனால் முப்பது. கோயிலுக்குப் பத்து நிமிட ஓட்டம். பத்தரை தாண்டிவிடும்.

"அண்ணே, இன்னும் ஒரு அரை மணி நேரம்..." என்று ஆரம்பித்தேன்.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். அவ்வளவுதான் செய்தார். என் தலைக்குள் வேறு ஒன்று ஓட ஆரம்பித்தது. என்னால் நேரம் தவறி, ராகு காலத்தில் பழம் ஏற்றி, முதல் நாள் சிகிச்சைக்குப் போய், அந்த அம்மாளுக்கு ஏதாவது ஆனால்? அதை யார் சுமப்பது? போல்ட்டு தவறினால் திருத்திக்கொள்ளலாம், வேளை தவறினால் திருத்த முடியாது. அந்த நிமிடம் அப்படித்தான் தோன்றியது. சாமிக்கு அஞ்சினேன், அவர் முகம் கோணுவதற்கும் அஞ்சினேன். எனக்குத் தெரிந்த ஒன்றே ஒன்றுக்கு அஞ்சவில்லை.

மேலேயே, தொங்கிய நிலையிலேயே, பன்னிரண்டையும் இறுக்கினேன். நான்கு நிமிடம் ஆனது.

கார் இறங்கியது. பலகையை வைத்துப் பார்த்தேன். முன்பு மூன்று விரல் மேடு, இப்போது ஒரு விரல் மிச்சம். அது ஏன் என்று எனக்குத் தெரியும். "ஓட ஓட அமுங்கிரும்ணே" என்றேன். சக்கர நட்டுகளை மூன்று தடவை தொட்டுப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் கூப்பிட்டுச் சொல்லிவிடலாமா என்று கைப்பேசியை எடுப்பேன், வைப்பேன். என்னவென்று சொல்வது? தெரிந்தே தப்பாகச் செய்தேன் என்றா? வரட்டும், ஏதாவது சாக்கு வைத்து உள்ளே ஏற்றிச் சரிசெய்து அனுப்பிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

திங்கள் காலை என் கடையைக் கடக்கும்போது அவர் வண்டியை ஓரம் கட்டினார். போகிற வழியில் தங்கை வீட்டில் கொஞ்சம் படுக்கவைத்துவிட்டுத்தான் ஜேபி போவாராம். ஒரே மூச்சில் அவ்வளவு தூரம் அந்த அம்மாளால் முடியாது. அதனால் தினமும் என் கடை வழிதான். அன்றுதான் அந்த அம்மாளை முதன்முதலாகப் பார்த்தேன். பின்சீட்டில் இரண்டு தலையணைக்கு நடுவே சாய்ந்திருந்தார். மெலிந்த முகம், பெரிய குங்குமப் பொட்டு. கண்ணாடிக்கு வெளியே என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார்.

அவர் இறங்கி வந்து, மனைவிக்குக் கேட்காத குரலில் சொன்னார். "தம்பி, கொஞ்சம் தூக்கித் தூக்கிப் போடுதுப்பா. ரோட்டுல ஒட்டுப்போட்ட இடம் வந்தா பின்னாடி அவ முனகுறா."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். உள்ளே விடுங்கள், அரை மணி நேரம் போதும் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் சம்சாரம் உள்ளே உட்கார்ந்திருக்கிறார், மருத்துவமனையில் நேரம் குறித்திருக்கிறார்கள், நான் வாயைத் திறந்தால் அவர் ஏன் என்று கேட்பார். என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "புது ஸ்ப்ரிங்குண்ணே. கொஞ்ச நாளு ஓடுனா படிஞ்சிரும். சனிக்கிழமை கொண்டாங்க, ஒரு பார்வை பாத்துருவோம்."

"சனிக்கெழம அவளை நகத்த முடியாது. படுத்தே கெடப்பா. சரி, படியட்டும்."

அதற்குப் பிறகு தினமும் கடையைக் கடக்கும்போது இரண்டு முறை சின்னதாக ஹாரன் அடிப்பார். காலையில் ஒன்பதரைக்கு ஒரு தடவை, திரும்பும்போது நான்கு மணி போல ஒரு தடவை. என்னை மதித்து அடித்த ஹாரன். காரின் பின்பக்கம் உயரமாக நிற்பதைப் போகிற போக்கில் என் கண் அளந்துவிடும். படியவில்லை. படியாது. முதல் வெள்ளியையும் சேர்த்து அடுத்த வாரம் புதன்கிழமை வரை ஒன்பது தடவை போனார்கள், நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை ஹாரன் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமையும் இல்லை. நான் பார்க்காத நேரத்தில் போயிருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டேன். இரண்டு நாளும் காலையில் ஒன்பதிலிருந்து பத்து வரை கடை வாசலை விட்டு நகராதவன் நான். வெள்ளி சாயங்காலம் அழைத்தேன்.

"அவ வரமாட்டேங்குறா தம்பி." பின்னால் தொலைக்காட்சிச் சத்தம் கேட்டது. "ஆஸ்பத்திரியில லைட்டு வைக்கிற மேசையில ஒரு வலியும் இல்லையாம். ரோட்டுலதான் சாவுறேன்னு சொல்றா. போவப்போவ வலி கூடிக்கிட்டே போவுது, நோவு முத்திருச்சி, இதுக்கு மேல எதுக்கு அலையணும்னு கேக்குறா. பலகையில ஏறவும் முடியல. நேத்து காலையில பாதியில நின்னுட்டா. நானும் தள்ளிப் பாத்தேன். ரெண்டு பேரும் அப்படியே அழுதுட்டு, திருப்பி வீட்டுக்குள்ள போயிட்டோம்."

சனிக்கிழமை காலை என் வேனில் ஜேக்கும் மரக்கட்டைகளும் ஸ்பேனர் பெட்டியும் ஏற்றிக்கொண்டு லாபிஸ் போனேன். வழியில் இரண்டு தடவை ஓரம் கட்டினேன், இரண்டு தடவையும் மறுபடி வண்டியை எடுத்தேன்.

அவர் வீடு தோட்டத்துச் சாலைக்கு உள்ளே இருந்தது. செம்பனைக் குலை ஏற்றும் லாரிகள் ஓடி ஓடிச் சாலை முழுக்கப் பள்ளம். கார் முன்கூரைக்குக் கீழே நின்றது. பக்கத்தில் பலகை சுவரில் சாய்த்து வைத்திருந்தது, அதன் அடியில் பவுடர் சிந்தி வெள்ளையாகக் கிடந்தது.

"ஒரு தடவ ஓட்டிக் காட்டுங்கண்ணே. நான் பின்னாடி ஒக்காந்துக்கிறேன்" என்றேன்.

பின்சீட்டில் அந்த இரண்டு தலையணையும் அப்படியே இருந்தன. அந்த அம்மாள் சாய்ந்த மாதிரியே சாய்ந்துகொண்டேன். தலையணையில் தைல வாசனை. அவர் மெதுவாகத்தான் ஓட்டினார். முதல் பள்ளத்தில் என் நடுமுதுகில் யாரோ கட்டையால் இடித்த மாதிரி இருந்தது. எனக்கு நல்ல முதுகு, மூட்டை தூக்கின முதுகு. எனக்கே அப்படி. இரண்டாவது பள்ளம், மூன்றாவது. ஒவ்வொரு இடிக்கும் முன்னால் அவர் தோள் தானாகச் சுருங்குவதைப் பின்னாலிருந்து பார்த்தேன். பின்சீட்டிலிருந்து முனகல் வரும் என்று அவர் உடம்பு பழகிப்போயிருந்தது.

வேலையை முடித்த அன்று பத்து நிமிடம் இந்தப் பின்சீட்டில் படுத்து வந்திருந்தால் போதும். அதையும் நான் செய்யவில்லை.

திரும்பி வந்து, சக்கரங்களுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து, கார் தன் எடையிலேயே நிற்கும்படி ஏற்றினேன். உள்ளே படுத்து முதல் போல்ட்டைத் தளர்த்தினேன். ரப்பர் 'டக்' என்று விடுபட்டது. ஒவ்வொன்றாகத் தளர்த்தத் தளர்த்த, மடமடவென்று சத்தம் போட்டுக்கொண்டு கார் இறங்கியது. முழங்கால் வலிக்கிற கிழவர் மூச்சு விட்டு உட்காருவது போல. ஒரு விரல் பருமன். கண்ணுக்கு முன்னால்.

அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

"என்னாது தம்பி அது? நீ ஒண்ணும் மாத்தலையே, தன்னால எறங்குது?"

படுத்தபடியே விளக்கினேன். இப்போது இறுக்க வேண்டியதை அன்றைக்கு மேலேயே இறுக்கிவிட்டேன், அதனால்தான் இடித்தது, அதனால்தான் பலகை மேடாக நின்றது, அக்காவின் நோய் முற்றியதால் அல்ல. எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில் ஒரு வார்த்தையை மாற்றிச் சொன்னேன்.

"மறந்துட்டேண்ணே."

நான் போல்ட்டுகளை இறுக்கிக்கொண்டிருந்தேன். வேறு என்ன செய்வது. பிறகு அவர் சொன்னார். "ஒம்போது நாளு. போவ வர பதினெட்டு தடவ."

"ஆமாண்ணே."

"எங்கிட்ட சொல்லி என்னா? உள்ள போயி அவகிட்ட சொல்லு."

அந்த அம்மாள் கூடத்தில், இரும்புக் கம்பிக் கதவுக்குப் பக்கத்தில், சக்கர நாற்காலியில் இருந்தார். வெளியே நடந்ததை எல்லாம் கதவு வழியே பார்த்திருக்கிறார். நான் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னேன். துணி கறுத்துப்போகிற வரை துடைத்தேன்.

"அப்போ என் முதுகு இல்லையா?" என்று கேட்டார்.

"இல்லக்கா. காடிதான்."

"நோவு முத்தலையா?"

"அது எனக்குத் தெரியாதுக்கா. இடிச்சது காடி."

அவர் புருஷனைப் பார்த்தார். "கேட்டீங்களா? போன வாரம் என் சீலையெல்லாம் எடுத்து யார் யாருக்குன்னு பிரிச்சி வச்சேன். பச்சைய என் தங்கச்சிக்கின்னேன். இந்தப் பாவி போல்ட்டு முடுக்க மறந்ததுக்கா நான் சீலையப் பிரிச்சேன்?"

சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன். பெரியவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"திட்டுங்கக்கா" என்றேன்.

"திட்டத்தான் போறேன். ஏன்யா மறந்தே? அவ்ளோ என்னா அவசரம்?"

நான் பதில் சொல்வதற்குள் அவரே கையை உயர்த்தி நிறுத்தினார். "அவசரம் என்னுது. இல்ல? ராகு காலத்துக்கு முன்னாடி பழம் ஏத்தியே ஆவணும்னு இவரை வெரட்டுனது நாந்தான். இவரு அதெல்லாம் பாக்குற ஆளே இல்ல. நான் வெரட்டுனேன், இவரு உன்னை வெரட்டியிருப்பாரு. போட்டும் விடு. திங்கக்கெழம போறேன்."

அங்கேதான் நான் சொல்லியிருக்க வேண்டும். மறக்கவில்லை அக்கா, தெரியும், தெரிந்தே இறுக்கினேன், மறுபடி திங்கட்கிழமை உங்களை வைத்துக்கொண்டே பொய்யும் சொன்னேன் என்று. அவர் என் பழியில் பாதியை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். நான் அதை அவரிடமே விட்டுவிட்டு, கோப்பி குடித்துவிட்டுப் போ என்று சொன்னதையும் மறுத்துவிட்டு, வேனில் ஏறிவிட்டேன்.

திங்கட்கிழமை ஹாரன் கேட்டது. ஓரம் கட்டினார்கள். அவர் கண்ணாடியை இறக்க, பின்சீட்டிலிருந்து அந்த அம்மாள் குரல் கொடுத்தார். "எண்ணெயில போற மாதிரி போவுது. பலகையில சறுக்குனேன் பாரு, நீ பாத்திருக்கணும். பாசார் மாலாம் சந்தையில புள்ளைங்க சறுக்கு வெளாடுதுல்ல, அப்படி!" பெரியவர் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார்.

விட்டுப்போன இரண்டு நாளையும் சேர்த்து, இருபத்தைந்தையும் முடித்தார்கள். இடையில் நிறுத்தினால் சிகிச்சைக்குக் கெடுதலா, அந்த இரண்டு நாள் எதையாவது மாற்றியதா என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. மருத்துவர்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்குக் கேட்கப் பயம். இன்றுவரை கேட்கவில்லை.

நான்கு மாதம் கழித்து அந்த அம்மாள் இறந்துபோனார். அவர் தங்கையின் புருஷன் டயர் மாற்றப் பக்கத்துக் கடைக்கு வந்தபோது சொல்லித்தான் தெரியும். காரியம் எல்லாம் முடிந்திருந்தது. ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று என் மனைவி சொன்னாள். போகவில்லை. அவள் இரண்டாவது தடவை சொல்லவில்லை. என்னை அவளுக்குத் தெரியும்.

அதற்கும் பிறகு ஒருநாள், மத்தியான நேரம், அந்தக் கறுப்புக் கார் கடை வாசலில் வந்து நின்றது. அவர் மெலிந்திருந்தார். சட்டை தோளில் தொங்கியது. டிக்கியைத் திறந்து ஒரு பெட்டியை எடுத்தார். நான் கழற்றிக் கொடுத்திருந்த பழைய ஸ்ப்ரிங்குகள். வீட்டில் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்.

"ஏத்திரு தம்பி. தோட்டத்துக்குள்ள போனா அடி தட்டுது. இனிமே எறங்கி இருந்து என்னா ஆவப்போவுது."

"அக்காவப் பத்தி..." என்று தொடங்கினேன்.

"கேள்விப்பட்டிருப்பே" என்றார். கடை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். "உன்னைப் பத்திச் சொல்லிக்கிட்டே இருப்பா. அந்த ஆளு மறந்தாலும் வீட்டுக்கு வந்து வாயால ஒத்துக்கிட்டான், எவன் வருவான்னு. நான் உம்மேல கோவமாத்தான் இருந்தேன். அவதான் விடல."

நான் வேலையைப் பார்த்தேன். ஸ்ப்ரிங்குகளை மாற்றினேன். காரைத் தரையில் இறக்கி, முன்னும் பின்னும் உருட்டி, மரக்கட்டைகள் மேல் ஏற்றினேன். அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அன்றைக்கு என்ன வேளை, நல்லதா கெட்டதா என்று இரண்டு பேரும் கேட்கவில்லை. "மெதுவா செய். எனக்கு எங்கயும் போவ வேண்டியதில்ல" என்றார்.

காருக்கு அடியில் படுத்து ஆறு போல்ட்டுகளை இறுக்கினேன். அங்கிருந்து பார்த்தால் அவருடைய இரண்டு பாதங்கள் மட்டும் தெரியும். ரப்பர் செருப்பு, வலது கட்டைவிரல் நகம் கறுத்திருந்தது. முகம் தெரியாததால்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

"அண்ணே. அன்னிக்கி நான் மறக்கல."

செருப்பு அசையவில்லை.

"எனக்குத் தெரியும். மேல வச்சி முடுக்கக் கூடாதுன்னு தெரியும். நேரமாச்சின்னு தெரிஞ்சேதான் முடுக்குனேன். திங்கக்கெழம நீங்க வந்து கேட்டப்பவும் தெரியும். அக்காகிட்ட மறந்துட்டேன்னு பொய் சொன்னேன்."

மீன்தொட்டிக் கடையில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு லாரி போனது. என் கையில் ஸ்பேனர் வழுக்கியது, சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி பிடித்தேன். அவர் எழுந்து போய்விட்டால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். காலால் உதைத்தாலும் நன்றாக இருக்கும். பாதங்கள் அங்கேயே இருந்தன.

"இன்னும் எத்தன இருக்கு?" என்று கேட்டார்.

"ஆறுண்ணே."

"முடி."

முடித்தேன். வெளியே வந்தபோது அவர் ரோட்டுப் பக்கம் திரும்பி நின்றிருந்தார். நட்டுகளைத் தொட்டுப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை, அவர் முன்னால் அது நடிப்பு மாதிரி இருக்கும். சாவியைக் கொடுத்தேன். கை படாமல் வாங்கிக்கொண்டார். கழற்றிய குட்டை ஸ்ப்ரிங்குகளைக் காட்டி, "டிக்கியில வச்சிரவாண்ணே?" என்று கேட்டேன். தலையை இல்லை என்று அசைத்தார். காரை எடுத்துக்கொண்டு போனார்.

இப்போதும் மாதத்தில் ஒன்றிரண்டு தடவை அந்தக் கார் என் கடையைக் கடந்து போகிறது. மனைவியின் தங்கை வீட்டுக்கு வருகிறார் போல. தன் பழைய உயரத்தில், பள்ளத்தில் விழுந்து அலுங்காமல் எழுந்து போகிறது. ஹாரன் அடிப்பதில்லை.